மலைமேல் திரளும் கார்முகிலைப் படமெடுத்தல்: மேற்குத் தொடர்ச்சி மலைக்கான முழுமையான வழிகாட்டி

மழைக்காலத்தில் இடிமழை மேகங்களைப் படமெடுக்க மலையுச்சிக்குச் செல்பவர்களில் பலர், தங்கிய நாளெல்லாம் வெள்ளை மூட்டத்தைத் தவிர வேறெதையும் காணாமல் திரும்புகிறார்கள். மேகத்தைத் தேடிப் போனவர்கள் மேகத்துக்குள்ளேயே போய் நின்றுவிடுவதுதான் காரணம். மேகத்தின் உருவமும் அடர்த்தியும் உயரமும் அதற்கு வெளியே நிற்பவருக்கே தெரியும். எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில், மலையின் எந்தப் பக்கத்தில் நிற்பது என்று முடிவெடுத்துவிட்டால் படத்தின் பெரும்பகுதி அமைந்துவிடுகிறது. கேமராவில் செய்ய வேண்டியவை அதன்பின் வருபவை. ஆகவே இவ்வழிகாட்டியும் வானிலையில் தொடங்கி, நிற்கும் இடம், பாதுகாப்பு ஆகியவற்றைக் கடந்த பிறகே கேமராவுக்கு வருகிறது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் நீலகிரி, பழனி மலை, கம்பம் பள்ளத்தாக்கு, தென்காசிப் பகுதி ஆகியவற்றைச் சார்ந்தவை.

1. எந்த மேகம் என்று முதலில் பிரித்தறியுங்கள்

மலைநாட்டு மேகங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் உருவாகின்றன. கோடையிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட வாரங்களிலும், காலை வெயிலில் சரிவுகள் சூடேறி, அவற்றை ஒட்டிய காற்று மேலெழுகிறது. காற்றில் ஈரம் போதுமானதாக இருந்தால் முற்பகலிலேயே முகடுகளின் மேல் சிறு திரள் மேகங்கள் தோன்றும். பிற்பகலில் அவற்றுள் ஒன்றிரண்டு, இடிமழை தரும் கார்திரள் மேகங்களாக ஓங்கும். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் இவற்றின் உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டக்கூடும். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், மலையும் மேகமும் ஒரே சட்டகத்துக்குள் வரும்போது எது எதைச் சிறிதாக்கும் என்பது விளங்கும்.

இரண்டாவது வகை, பருவக்காற்று மலையில் மோதி மேலேறுவதால் உருவாவது. இதில் உயரம் குறைவு, அகலம் அதிகம், இடியும் குறைவு. முகடு முழுவதையும் மூடிக்கொண்டு நாள்கணக்கில் நிற்கும். முதல் வகைக்கு நேரத்தைத் துல்லியமாகக் கணிக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு இடத்தைத் துல்லியமாகத் தேர வேண்டும்.

கார்திரள் மேகத்தைக் கூர்ந்து கவனித்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதன் விளிம்பே சொல்லிவிடும். மேற்புடைப்புகள் வெட்டியெடுத்தாற்போல் கூர்மையாக இருக்கும்வரை மேகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. விளிம்பு மங்கி, நார்நாராகப் பிரியத் தொடங்கினால் உச்சி பனித்துகள்களாக மாறிவிட்டது. மழை ஏற்கெனவே இறங்கியிருக்கும் அல்லது விரைவில் இறங்கும். பின்னர் உச்சி தட்டையாகப் பக்கவாட்டில் விரியும். சில நேரங்களில் அந்த விரிப்பின் அடிப்பரப்பில் வரிசையாகப் புடைப்புகள் தொங்கும். மாலைச் சாய்வெயில் கீழிருந்து படும்போது அவற்றைப் போல அழகாக ஒளியை வாங்கும் மேகம் வேறில்லை என்பது என் எண்ணம். மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி, எதிரே உள்ள வெதுவெதுப்பான காற்றை மேலே தள்ளும்போது, மேகத்தின் முன்புறம் தாழ்வாக ஒரு கரிய மேகத்தட்டு உருவாகி உங்களை நோக்கி நகரும். அந்தக் குளிர்காற்று திடீரென முகத்தில் அடித்தால் மழைக்குச் சில நிமிடங்களே உள்ளன என்று பொருள். அந்த நேரத்தில் லென்ஸை மாற்றத் தொடங்கக் கூடாது.

2. பருவத்துக்கு ஏற்ற பக்கத்தில் நில்லுங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று வழக்கமாக ஜூன் 1 ஆம் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தொடங்குகிறது. அப்போது மேற்குச் சரிவுகளும், நீலகிரியின் மேற்குப் பகுதியான அவலாஞ்சி, கூடலூர், பந்தலூர் வட்டாரங்களும் மழைக்குள் மூழ்கிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது. அத்தகைய நாள்களில் அங்கே நின்று எடுக்கக்கூடிய மேகப்படம் எதுவும் கிடையாது. கேமராவோடு நிற்க வேண்டிய இடம் மலையின் கிழக்குப் பக்கத்து மழைமறைவுப் பகுதி: போடி, கம்பம், உத்தமபாளையம், தென்காசி, செங்கோட்டை, பண்பொழி.

இங்கிருந்து மேற்கே பார்த்தால் முகட்டின் மேல் மேகம் சுவராக நிற்கும். காற்று பலமாக இருக்கும் நாளில், உலையில் பொங்கிய கஞ்சி விளிம்பைத் தாண்டி வழிவதைப் போல அது கிழக்குச் சரிவில் இறங்கும். பாதிச் சரிவு வருவதற்குள் காற்று சூடாகி, மேகம் கரைந்துவிடும். அந்தக் கரையும் கோடு நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க, மேலிருந்து மேகம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். காலை வெயில் கிழக்கிலிருந்து, அதாவது உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருவதால் மேகச்சுவரின் ஒவ்வொரு மடிப்பும் தெளிவாகத் தெரியும். முகட்டைத் தாண்டிப் பறந்துவரும் சாரல்மீது அதே வெயில் படும்போது மேற்கில் வானவில் தோன்றும். சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு வானவில் தெரியாது. ஆகவே சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் காலை 9 மணிக்கு முன்பே இடத்தில் இருக்க வேண்டும். சூரியன் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வில் உயர்ந்து நிற்கும். மாலையில் இதே இடம் முற்றிலும் வேறு படத்தைத் தரும்: சூரியன் மேகச்சுவருக்குப் பின்னால் போய்விட, மலை இருண்ட நிழலுருவமாகவும், மேகவிளிம்பு வெள்ளிக்கோடாகவும், இடைவெளிகளில் ஒளிக்கற்றைகளாகவும் அமையும்.

ஏப்ரல், மே மாதங்களின் கோடை இடிமழைக்கும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரையிலான மாலை இடிமழைக்கும் கணக்கு மாறுகிறது. அப்போது மலையின் கிழக்கு விளிம்பில், உயரத்தில் நின்று சமவெளியின் மேல் எழும் மேகத்தைப் பார்ப்பதே சிறந்தது. கொடைக்கானலில் 1872 இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் நடைபாதையிலிருந்து பெரியகுளம் பக்கத்துச் சமவெளி கீழே விரிந்து கிடக்கும்; மாலை வெயில் பின்னாலிருந்து வந்து, தொலைவில் ஓங்கிய கார்திரள் மேகத்தின் மேற்பகுதியை முதலில் வெள்ளையாகவும், பிறகு மஞ்சளாகவும், கடைசியில் செம்மையாகவும் மாற்றும். தரையில் இருள் சூழ்ந்த பிறகும் உச்சி ஒளியோடு நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே காத்திருக்கலாம். நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனை இதைப் போன்றதே. மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடாவும் கீழே தெரிய, எதிரே சத்தியமங்கலம் மலைகளின் மேல் மேகம் எழுவதை ஒரே பார்வையில் அடக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை வலுத்த பிறகு குன்னூர், கோத்தகிரி உள்ளிட்ட கிழக்குச் சரிவுகள்தான் மழையை ஏற்கின்றன. 2009 நவம்பரில் அங்கே நேர்ந்த நிலச்சரிவுகளை நினைவில் கொண்டு, தொடர்மழை நாள்களில் அந்தச் சாலைகளைத் தவிர்த்துவிட வேண்டும்.

3. புறப்படும் நாளைத் தேர்ந்தெடுத்தல்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் மூன்றைப் பார்த்தால் போதும். மாவட்டவாரியான எச்சரிக்கை நிறம் முதலாவது. மஞ்சள் நாளில் எச்சரிக்கையோடு செல்லலாம். ஆரஞ்சு நாளில் சமவெளியிலேயே நின்றுகொள்ள வேண்டும். சிவப்பு நாளில் வீட்டைவிட்டே கிளம்பக் கூடாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவுக்குப் பிறகு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது, இன்சாட் செயற்கைக்கோள் படங்கள். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால் மேகக்கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெரியும். மூன்றாவது, ரேடார். கொச்சி, திருவனந்தபுரம், காரைக்கால் ரேடார்களில் உங்கள் இடத்துக்கு அருகில் உள்ளதைத் திறந்து, கடைசி ஒரு மணி நேர நகர்வைப் பாருங்கள். மலை இடைமறிக்கும் இடங்களில் ரேடார் சிலவற்றைத் தவறவிடும். ஆகவே திரையில் வண்ணம் இல்லை என்பதால் வானில் மேகம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

மேகத்தின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்கும் என்பதை ஓரளவு நீங்களே கணக்கிடலாம். காற்றின் வெப்பநிலைக்கும், அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் பனிப்புள்ளி வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125 ஆல் பெருக்கினால், தரையிலிருந்து மேக அடிவரை உள்ள உயரம் ஏறக்குறைய மீட்டரில் கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ள போடியில் பிற்பகல் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், பனிப்புள்ளி 22 பாகை என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 8, மேக அடி தரைக்கு மேல் 1,000 மீட்டரில், அதாவது கடல் மட்டத்திலிருந்து 1,350 மீட்டரில் இருக்கும். அதற்கு மேற்பட்ட முகடுகள் மேகத்துக்குள் மறைந்துவிடும் என்பதால், அன்று கீழ்ச்சரிவையும் மேக அடியையும் வைத்தே படத்தை அமைக்கத் திட்டமிட வேண்டும். வேறுபாடு 14, 15 என்று விரிந்திருக்கும் கோடை நாளில் முகடு முழுவதும் வெளியே நின்று, அதன் மேல் மேகம் மிதக்கும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்ததையும் கவனத்தில் கொள்ளுங்கள். வானிலையைப் பார்த்துக் கடைசி நேரத்தில் புறப்படுபவர்கள் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

4. மின்னலுக்கு முன் ஒதுங்குதல்

இடிச்சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் உங்களைத் தொடக்கூடிய தொலைவில் மேகம் இருக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி, மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால், அதாவது 10 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால், உடனே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிச்சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கடந்தே வெளியே வர வேண்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, அருகில் மின்னல் விழுவதைத் தெரிவிக்கும். அதைத் தொலைபேசியில் வைத்திருப்பது நல்லது.

ஒதுங்கும் இடம் என்பது மின்கம்பி, குழாய் இணைப்புகள் கொண்ட முழுமையான கட்டடம், அல்லது கண்ணாடிகள் ஏற்றப்பட்ட, உலோகக் கூரையுள்ள கார். காட்சிமுனைகளில் உள்ள திறந்த மண்டபமும், காவல் கோபுரமும், தேயிலைத் தோட்டத்தில் தனித்து நிற்கும் சில்வர் ஓக் மரமும் பாதுகாப்பு அல்ல. கார்பன் ஃபைபர் முக்காலியும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து இரண்டு நிமிட நடைக்குள் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைவிடத் தொலைவில் எவ்வளவு நல்ல காட்சி இருந்தாலும், இடிமேகம் உள்ள நாளில் அதை விட்டுவிடுங்கள்.

5. எடுத்துச்செல்ல வேண்டியவை

அகலக்கோண லென்ஸ் ஒன்றும், 70-200 மி.மீ. வகை ஜூம் லென்ஸ் ஒன்றும் போதும். அகலக்கோணம் மட்டுமே வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதில் மலை சிறுத்துப்போய், மேகத்தின் அளவும் அதோடு சேர்ந்து குறைந்துவிடும். தொலைவிலுள்ள மழைத்தாரையையும் அதன் முன்னுள்ள மலைமடிப்புகளையும் நெருக்கமாக அடுக்கிக் காட்ட 100 மி.மீ.க்கு மேற்பட்ட குவியத்தூரமே உதவும். இவற்றோடு கனமான முக்காலி, லென்ஸ் ஹூட், மழையுறை, வட்டத் துருவமுனைப்பு ஃபில்டர், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணிகள் நான்கைந்து. சாரலில் முதல் துணி விரைவில் நனைந்துவிடும். நனைந்த துணி லென்ஸில் நீர்ப்படலத்தையே பூசும். ஜூன் முதல் சோலைக்காட்டுப் பாதைகளில் அட்டை இருக்கும், அட்டைக்காலுறை வேண்டும்.

6. சட்டகத்தை அமைத்தல்

மேகத்தை மட்டும் எடுத்தால் அதன் அளவு எவருக்கும் புரியாது. சட்டகத்தின் அடியில் ஐந்தில் ஒரு பங்கேனும் மலைக்கோடு இருக்க வேண்டும். அந்தக் கோட்டில் பார்வையாளருக்குப் பழக்கமான அளவுள்ள ஏதேனும் ஒன்று, ஒரு தேயிலைத் தொழிற்சாலையோ கோயில் கோபுரமோ காற்றாலையோ, சிறியதாகத் தெரிந்தால் மேகம் தன் உண்மையான உருவத்தைப் பெறும். செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய காற்றாலைகள் இதற்கு மிகப் பொருத்தமானவை.

மலைக்கோடு தெளிவாக வேண்டும் என்பதற்காக அதை மறைக்கும் ஒவ்வொரு மஞ்சுத் துண்டையும் விலகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முகட்டின் ஒரு பகுதி மறைந்தும் ஒரு பகுதி வெளிப்பட்டும் இருக்கும் நிலையே பெரும்பாலும் சிறந்த படம். முன்னணியில் தேயிலைச் செடிகள் இருந்தால் துருவமுனைப்பு ஃபில்டரை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நனைந்த இலைகளின்மேல் வானத்தைப் பிரதிபலிக்கும் சாம்பல் பளபளப்பு ஒரு கோணத்தில் சட்டென்று விலகி, இலையின் அடர்பச்சையும் அதன்மேல் ஒட்டியிருக்கும் துளிகளும் வெளிப்படும். கரிய வானத்துக்குக் கீழே அந்தப் பச்சை மிக வலுவாக நிற்கும். அகலக்கோணத்தில் நீலவானம் தெரியும்போது மட்டும் இந்த ஃபில்டர் வானத்தின் ஒரு பாதியைக் கருமையாக்கிவிடும் என்பதால், அப்போது கழற்றிவிடுங்கள். வானவில்லை எடுக்கும்போதும் கவனம் தேவை; தவறான கோணத்தில் சுழற்றினால் வில்லே மறைந்துபோகும்.

7. ஒளியளவு

கேமரா பதிவுசெய்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் ரா வடிவத்தில் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 என்று தொடங்கி, ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். கார்முகிலில் தவறு நேரும் இடம் எப்போதும் ஒன்றுதான்: இருண்ட அடிப்பகுதியைப் பார்த்து கேமரா ஒளியைக் கூட்டிவிட, வெயில் படும் வெள்ளை உச்சியில் விவரம் எல்லாம் அழிந்துவிடும். அழிந்த வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருண்ட பகுதியை ஓரளவு உயர்த்த முடியும். ஆகவே சட்டகத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் மேகத்தின் மிகப் பிரகாசமான பகுதியை அளந்து, அதிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது) கூட்டி எடுங்கள். ஒளி, இருள் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரைத் தொடாமல் சற்று முன்னால் நின்றால் சரியான அளவு. மின்னுகிற வெண்மை வெண்மையாகவே இருக்கும், அதன் மடிப்புகளும் தங்கும்.

மூன்று வெவ்வேறு ஒளியளவுகளில் எடுத்து இணைக்கும் முறையை நான் மேகங்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மேகம் நகர்ந்து, விளிம்புகள் இரட்டையாகின்றன. இன்றைய பெரும்பாலான சென்சார்களில் ஒரே ரா கோப்பு போதுமானது. மேல்பாதி மட்டும் கருமையான, கூர்மையான எல்லையுள்ள கிராஜுவேட்டட் ஃபில்டரும் மலையில் உதவாது. சமமற்ற முகட்டின் மேல்பாதியை அது கறுப்பாக்கிவிடும்.

படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5,200 அல்லது 5,500 கெல்வினில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மேகத்தின் நீலக்கருமையை கேமரா வெறும் சாம்பலாக்கிவிடும். குவியத்தை மேகத்தின் நடுவில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். முகட்டுக்கோட்டிலோ மேகத்தின் கூரிய விளிம்பிலோ வைத்துப் பூட்டிவிடுங்கள். கைபேசியில் எடுப்பவர்கள் மேகத்தின் வெள்ளைப் பகுதியைத் தொட்டு அழுத்தி, ஒளியளவைக் கீழே இறக்கினாலே பெரும் மாற்றம் தெரியும். அல்ட்ரா வைட் லென்ஸைத் தவிர்த்துவிடுங்கள்.

8. ஷட்டர் வேகம், மின்னல், காலநகர்வுப் படம்

ஓங்கி வளரும் கார்திரள் மேகத்துக்கு 1/125 விநாடி போன்ற வேகமே சரி, ஏனெனில் அதன் அழகு விளிம்பின் கூர்மையில் இருக்கிறது. முகட்டைத் தாண்டி வழியும் பருவமேகத்துக்கு கால் விநாடி முதல் இரண்டு விநாடி வரை முயலுங்கள். ஓட்டமும் தெரியும், இழையும் தங்கும். 30 விநாடிக்கு நீட்டினால் இழைகள் எல்லாம் கலந்து, மலைமேல் வெறும் வெண்பூச்சுதான் மிஞ்சும். அந்தப் பாணி கடலுக்குப் பொருந்தலாம். கார்முகிலுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

இரவு மின்னலுக்கு, ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 5.6, ஷட்டர் 10 முதல் 20 விநாடி என்று வைத்து, தொலைவிலுள்ள ஊர்விளக்கு ஒன்றில் கைமுறையாகக் குவியத்தை அமைத்து, இடைவெளியின்றி எடுத்துக்கொண்டே இருங்கள். மின்னலின் பிரகாசத்தை அபெர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும்தான் தீர்மானிக்கின்றன, ஷட்டர் நேரம் ஊர்விளக்குகளையும் வானத்தையும் மட்டுமே மாற்றும். மின்னல்கோடு வெளுத்துப் பருத்துத் தெரிந்தால் எஃப் 8க்குச் செல்லுங்கள். கொடைக்கானலில் ஓர் அறையின் சன்னலிலிருந்து சமவெளியின் மேல் விழும் மின்னலை எடுப்பது, விளிம்பில் போய் நின்று எடுப்பதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. உள்ளே விளக்கை அணைத்து, கண்ணாடியைத் திறந்துவிட்டால் போதும்.

மேகம் வளர்வதைக் காலநகர்வுப் படமாக்க (டைம்லேப்ஸ்), 4 விநாடிக்கு ஒன்றாக 300 படங்கள் எடுங்கள். எடுக்க 20 நிமிடம் ஆகும். விநாடிக்கு 25 படம் என்ற கணக்கில் 12 விநாடி ஓடும். ஒளியளவு, வெண்சமநிலை, குவியம் மூன்றும் கைமுறையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

9. திரும்பிய பிறகு

மலைக்குளிரில் இருந்த கேமராவை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்ததும் பையைத் திறக்காதீர்கள். லென்ஸின் உள்ளேயே ஈரம் படியும். ஒரு மணி நேரம் மூடிய பையிலேயே இருக்கட்டும். பின்னர் துடைத்து, சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.

கணினியில் படத்தைத் திருத்தும்போது டீஹேஸ் (மூட்டம் நீக்குவது), கிளாரிட்டி (தெளிவூட்டுவது) இரண்டையும் அளவோடு தொடுங்கள். அவை எல்லை மீறினால் முகட்டுக்கோட்டை ஒட்டி வெள்ளை ஒளிவளையம் தோன்றும். படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கி அந்தக் கோட்டை முழுவதும் நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மேக அடியை மட்டும் தனியாகத் தேர்ந்து மாறுபாட்டைச் சிறிது கூட்டுவதே போதுமானது. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தின் ஒளிர்வைக் குறைத்தால், இடையே தெரியும் வானம் கறுத்து மேகம் முன்னே வரும். வேறொரு நாளின் வானத்தை வெட்டி ஒட்டும் வசதி இன்று பல மென்பொருள்களில் இருக்கிறது. மேகத்தின் அடி, காற்றின் திசை, வெயில் படும் பக்கம் ஆகிய மூன்றும் அந்த மலைக்கும் அந்த நேரத்துக்கும் மட்டுமே உரியவை. அவற்றை மாற்றிய படத்தை அந்த இடத்தின் பெயரோடு வெளியிடுவது பார்ப்பவர்களை ஏமாற்றுவதாகும், அதைச் செய்யவே கூடாது.

கோப்புகளைச் சேமிக்கும்போது ஒவ்வொரு தொகுப்போடும் நின்ற இடம், நோக்கிய திசை, நேரம், காற்றின் திசை, அன்றைய பனிப்புள்ளி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒரு பருவம் முழுவதும் இப்படிக் குறித்தவருக்கு, அடுத்த ஆண்டு அதே மலையில் எந்த வாரம், எந்த மணிக்கு, எந்த வளைவில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது அந்தக் குறிப்புகளிலிருந்தே கிடைக்கும்.